மூளையின் முணுமுணுப்பும் மின்சாரத்தின் இரைச்சலும்

மத்திய அலை வானொலிப் பெட்டி வீட்டுக்கு வீடு ஒலித்த காலத்தில், அம்பாறை மாவட்டத்து வரிப்பத்தான்சேனை போன்ற வயற்புற ஊர்களில் செய்தி கேட்க அமர்ந்தோர்க்கு ஒரு தொல்லை நன்கு பழகிப்போயிருந்தது. இறக்காமத்துக் குளத்துக்கு அப்பால் வானம் ஒருமுறை மின்னினால் பெட்டிக்குள் படபடவென்று வெடிக்கும். அயலில் யாரேனும் மின் இயந்திரம் ஒன்றை முடுக்கினால் கரகரவென்று உறுமும். செய்தி வாசிப்பவரின் குரல் அந்த இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிடும். குரல் இல்லாமற் போய்விடவில்லை. அது வந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் கேட்பவரின் செவிக்கு அது எட்டாது.

வானொலிக்கு நேரும் இதே இடர், மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்ய முற்படும் வைத்தியருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் நேருகின்றது. வேறுபாடு ஒன்றுதான். செய்தியில் நான்கு சொற்கள் தவறினால் மறுநாட் பத்திரிகையில் அவற்றைப் படித்துக்கொள்ளலாம். மூளையின் செய்தி தவறாக வாசிக்கப்பட்டாலோ, செவிப்புலன் அற்ற ஒரு குழந்தை கேட்கும் குழந்தையென்று வீட்டுக்கு அனுப்பப்படலாம். ஆகவே, மூளையைத் தூண்டி அதன் விடையைப் பதியும் சோதனைகளில் மின் இரைச்சல் எங்கிருந்து வருகின்றது, அதனை எவ்வாறு குறைக்கின்றார்கள் என்பது ஆய்வுகூடத்தின் உட்பிரச்சினை மட்டுமன்று. பொதுமக்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தியுமாகும்.

மூளையில் மின்னோட்டம் உண்டு என்பதை முதலிற் கண்டறிந்து வெளியிட்டவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகர வைத்தியர் ரிச்சர்ட் கேற்றன். 1875ஆம் ஆண்டில் முயல், குரங்கு ஆகியவற்றின் மூளைப் பரப்பில் நுண்ணிய மின்னோட்டங்களைக் கண்டதோடு, விலங்கின் கண்ணில் ஒளி படும்போது அவை மாறுவதையும் அவர் குறிப்பிட்டார். மனிதத் தலையின் மேற்புறத்திலிருந்து இவ்வலைகளை முதன்முதலாக 1924ஆம் ஆண்டிற் பதிந்தவர் ஜெர்மனியின் ஜேனா நகரத்து மனநோய் வைத்தியர் ஹான்ஸ் பெர்கர். ஆனால் தம் கண்டுபிடிப்பை அவர் உலகுக்கு அறிவித்தது 1929ஆம் ஆண்டிலேதான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிலும் அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்த ஐயம் இதுவே: கருவியில் தோன்றும் இந்த நடுக்கம் உண்மையில் மூளையினுடையதா? அல்லது இதயத்தின் துடிப்போ, தசையின் இழுப்போ, குருதிநாளத்தின் அசைவோ, கருவியின் குறைபாடோ? ஒவ்வொன்றாக ஆராய்ந்து விலக்கிய பின்னரே அவர் வாய் திறந்தார். அப்போதும் உலகம் உடனே நம்பவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஏட்ரியன், மத்தியூஸ் என்னும் இருவர் 1934ஆம் ஆண்டிற் சோதித்து உறுதி செய்த பின்னரே ஐயம் நீங்கிற்று. மூளையலை ஆராய்ச்சி பிறந்த நாளிலிருந்தே அதன் முதல் வினா, 'எது மூளை, எது இரைச்சல்' என்பதாகவே இருந்து வந்துள்ளது.

இந்த இடர் எவ்வளவு பெரியது என்பதைச் சில எண்களால் உணரலாம். கண்மூடி அமைதியாக இருப்பவரின் தலையின் பின்புறத்தில், செக்கனுக்கு 8 முதல் 13 தடவை எழுந்து வீழும் ஓர் அலை தோன்றும். அதற்கு அல்பா அலை என்று பெயர். அதன் அளவு ஏறத்தாழ 50 மைக்கிரோவோல்ற்று. ஒரு மைக்கிரோவோல்ற்று என்பது ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்தில் ஒரு பங்காகும். அஃதாவது, கைவிளக்கிற் போடும் ஒன்றரை வோல்ற்று மின்கலத்தை முப்பதாயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறுதான் இந்த அலை. இலங்கையில் வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்சாரமோ 230 வோல்ற்று. அல்பா அலையைப்போல் நாற்பத்தாறு இலட்சம் மடங்கு. அது செக்கனுக்கு 50 தடவை அலைந்துகொண்டே இருக்கின்றது. சுவரிலுள்ள கம்பியை நோயாளி தொட வேண்டியதில்லை. அறையில் அவர் இருப்பதே போதும். மின்விளக்கு, விசிறி, குளிரூட்டி, நீட்டுக் கம்பி ஆகிய அனைத்தும் அவர் உடலைச் சூழ ஒரு மின்புலத்தை விரித்து வைத்திருக்கின்றன. உடல் ஒரு வானொலிக் கம்பிபோல் அதனை ஏந்திக்கொள்கின்றது.

தூண்டல் சோதனைகளில் இதனினும் நுண்ணிய அலைகளைத் தேட வேண்டியிருக்கின்றது. காதில் 'டிக்' என்று ஒரு சிற்றொலியை எழுப்பினால், அடுத்த ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள், செவி நரம்பிலிருந்து மூளைத்தண்டு வரை அச்செய்தி ஏறிச் செல்லும்போது ஐந்து சிற்றலைகள் அடுத்தடுத்து எழுகின்றன. 1970ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் ஜூவெற் என்பாரும் அவருடன் உழைத்தோரும் இவற்றைத் தெளிவாக விவரித்தனர். இவற்றின் அளவு ஒரு மைக்கிரோவோல்ற்றுக்கும் குறைவு. மூளை தன் பாட்டிற்கு எழுப்பிக்கொண்டிருக்கும் மற்றைய அலைகளே இவற்றைவிடப் பன்மடங்கு பெரியவை. அவற்றுக்கு மேலே தசையிரைச்சல், அதற்கும் மேலே வீட்டு மின்சாரத்தின் உறுமல். போதாக்குறைக்கு, தூண்டலைத் தரும் கருவியே ஓர் இரைச்சலை எழுப்புகின்றது. காதொலிக் கருவிக்குள் இருப்பது கம்பிச் சுருளும் காந்தமும் அன்றோ? 'டிக்' ஒலிக்காக அதனுள் மின்னோட்டம் பாயும் அதே கணத்தில், அருகிலுள்ள பதிவுக் கம்பிகளிலும் அது ஒரு பொய்யலையை எழுப்பிவிடுகின்றது. கையின் நரம்பை நேரே மின்சாரத்தால் தூண்டும் சோதனையிலே இந்தப் பொய்யலை இன்னும் பெரியது. தேடும் பொருளும் தேடுவோன் கையிலுள்ள விளக்கின் நிழலும் ஒரே இடத்தில் விழுவதைப் போன்ற நிலை இது.

இத்துறை தமிழ்நாட்டில் வேரூன்றிய வரலாறும் அறியத்தக்கது. 1949ஆம் ஆண்டில் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி நரம்பியற் பிரிவைத் தொடங்கினார். 1950ஆம் ஆண்டிற் சென்னை அரசினர் பொது வைத்தியசாலையில் பா. இராமமூர்த்தி நரம்பு அறுவைச் சிகிச்சையை ஆரம்பித்து வைத்தார். 1951ஆம் ஆண்டில் இந்திய நரம்பியற் சங்கம் சென்னையிலே தோன்றியபோது அதன் நிறுவனர் நால்வர். சாண்டி, இராமமூர்த்தி ஆகியோருடன் நரம்பியல் வைத்தியர் பல்தேவ் சிங் மூன்றாமவர், நான்காமவரான எஸ். டி. நரசிம்மன் மூளை மின்னலை வரைவு வல்லுநர். அறுவை வைத்தியரோடும் நரம்பியல் வைத்தியரோடும் அலை வரைபவரும் சமமாக ஒரே வரிசையில் அமர்ந்தார் என்பதிலிருந்தே அக்கலைக்கு அந்நாளில் அளிக்கப்பட்ட மதிப்பு விளங்கும். உடலை ஊடுருவிப் படம் எடுக்கும் இன்றைய கணினிக் கருவிகள் எவையும் அன்று இல்லை. மண்டையைத் திறவாமல் மூளையின் உள்நிலையைக் காட்டிய சாளரங்கள் மிகச் சில. அலை வரைவு அவற்றுள் ஒன்று.

அந்நால்வருள் ஒருவரான பல்தேவ் சிங், தில்லியில் ஆனந்த், சீனா என்னும் இரு உடற்றொழிலியலாருடன் சேர்ந்து 1961ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். தியானத்திற் பயிற்சி பெற்ற யோகியர் நால்வரின் மூளையலைகளை அவர்கள் பதிந்தனர். சாதாரண மனிதர் கண்மூடி அமைதியாயிருக்கும்போது திடீரென ஒளியோ ஒலியோ தாக்கினால், அல்பா அலை அக்கணமே அடங்கிவிடும். யோகியர் இருவருக்குத் தியானத்தின் நடுவே ஒளி, ஒலி, வெப்பம், அதிர்வு ஆகிய தூண்டல்களைத் தந்து பார்த்தனர். அல்பா அலை அடங்கவில்லை. மற்றைய இருவர் நாற்பத்தைந்து நிமிடத்துக்கும் மேலாக 4 பாகை குளிர்நீரில் கையை ஆழ்த்தியிருந்தனர். அப்போதும் அவ்வலை நீடித்தது. உலக ஆராய்ச்சியாளர் பலர் இன்றுவரை எடுத்துப் பேசும் சோதனை இது.

இச்சோதனையை இங்கே குறிப்பிடுவது தியானத்தின் பெருமையை அளப்பதற்கன்று. இதன் முடிவு எதன்மேல் நிற்கின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். தூண்டல் வந்தபோது 'ஒன்றும் மாறவில்லை' என்பதே முடிவு. மாற்றம் ஒன்று தெரிந்தால் அதனைச் சுட்டிக் காட்டலாம். மாற்றம் இல்லை என்று சொல்வதற்கோ, பதிவு தூய்மையாக இருந்தாக வேண்டும். இரைச்சல் மிகுந்த தாளில் எந்த மாற்றமும் தெரியாது. தெரியாமையை இல்லாமை என்று கொள்வது பெரும் பிழையாகிவிடும்.

இனி, இரைச்சலைக் குறைக்கும் வழிகளைப் பார்க்கலாம். இவற்றிலே ஓர் ஒழுங்கு உண்டு. வயலுக்குள் வெள்ளம் புகாமல் முதலில் வாய்க்கால் மடையை அடைக்கின்றவனே நல்ல கமக்காரன். புகவிட்ட பின் இறைக்கத் தொடங்குபவன் இரவெல்லாம் பாடுபட்டும் பயிரை இழப்பான். இரைச்சலையும் அது பிறக்கும் இடத்திலே தடுப்பது முதற்பணி. புகுந்ததைக் கணக்கினால் நீக்குவது கடைசிப் பணி.

முதலாவது, தோலும் மின்வாயும் கூடும் இடம். மின்வாய் என்பது தலையில் ஒட்டும் சிறு உலோகத் தகடு. பெரும்பாலும் வெள்ளியின்மேல் வெள்ளிக் குளோரைட்டுப் பூசியது. தலையிலுள்ள எண்ணெய்ப் பிசுக்கும் காய்ந்த மேற்றோலும் மின்னோட்டத்தைத் தடுக்கும். ஆகவே அவ்விடத்தை மெல்லத் தேய்த்துத் துடைத்து, உப்புச் சேர்ந்த பசையிட்டு, மின்தடை 5,000 ஓமுக்குக் கீழே வரும்வரை சரிபார்க்கின்றார்கள். கல்முனைக் கரையோரம்போல் வெப்பமும் ஈரக்காற்றும் நிறைந்த இடங்களில் வியர்வையும் ஒரு பகைவன். அது கசியக் கசியப் பதிவுக் கோடு மெல்ல மேலும் கீழும் மிதக்கும். அறை குளிர்ந்திருப்பது நோயாளியின் வசதிக்காக மட்டுமன்று.

இரண்டாவது, வேறுபாட்டைப் பெருக்கும் முறை. வீட்டு மின்சாரத்தின் உறுமல் தலையின் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். மூளையின் அலையோ இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகவே இரு மின்வாய்களிலிருந்து வருவனவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, எஞ்சியதை மாத்திரம் பெருக்கினால், இரண்டுக்கும் பொதுவான உறுமல் ஒழிந்துவிடும். நல்ல பெருக்கியொன்று பொதுவானதை இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். உடலில் 10,000 மைக்கிரோவோல்ற்று உறுமல் இருந்தாலும் அது பத்தில் ஒரு மைக்கிரோவோல்ற்றாகத் தேய்ந்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: இரு மின்வாய்களின் மின்தடையும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று நன்றாகவும் மற்றொன்று தளர்வாகவும் ஒட்டியிருந்தால், ஒரே உறுமல் இரண்டிலும் இரு வேறு அளவாக நுழையும். கழித்தல் கணக்குப் பிழைத்துவிடும். விலையுயர்ந்த கருவியின் ஆற்றலை ஒரு சொட்டுப் பசையின் குறைவு கெடுத்துவிடுகின்றது என்பது இதனாலேதான்.

மூன்றாவது, கம்பிகளின் ஒழுங்கு. பதிவுக் கம்பிகள் தனித்தனியே விரிந்து தொங்கினால், அவற்றுக்கு இடையிலான வெளியிற் காந்தப்புலம் புகுந்து மின்சாரத்தை எழுப்பும். அவற்றைச் சடைபோல் முறுக்கிச் சேர்த்துவிட்டால் அந்த வெளி சுருங்கும். தூண்டும் கருவியின் கம்பியும் பதியும் கருவியின் கம்பியும் அருகருகே செல்லலாகாது. எர்த் கம்பியை நோயாளிக்கு ஓரிடத்தில் மட்டுமே இணைக்க வேண்டும், இரண்டு இடங்களில் இணைத்தால் அவ்விரண்டுக்கும் இடையே ஒரு வட்டம் உண்டாகி, அதுவே உறுமலுக்கு வழிவிடும், ஆபத்துக்கும் இடந்தரும். கை நரம்பைத் தூண்டும்போது, தூண்டும் இடத்துக்கும் பதியும் இடத்துக்கும் நடுவே எர்த் பட்டியைக் கட்டுகின்றார்கள். தூண்டுகோலின் மின்சாரம் தலைவரை பரவாமல் வழியிலேயே அது வாங்கிக்கொள்ளும். தூண்டும் கருவியைச் சுவர் மின்சாரத்தோடு நேர்த்தொடர்பு இல்லாதபடி பிரித்து வைப்பதும் வழக்கம்.

நான்காவது, சூழல். தேவையற்ற விளக்கையும் கைத்தொலைபேசியையும் அணைத்துவிடலாம். மிகுந்த இரைச்சலுள்ள இடத்திற் செம்புவலையால் அறையையே மூடுவதுண்டு. உலோகக் கூட்டுக்குள்ளே வெளி மின்புலம் புகாது என்பதை 1836ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபரடே காட்டியிருந்தார். அவர் பெயராலேயே அக்கூடு வழங்குகின்றது. ஆயினும் தாழ்ந்த மீடிறனுள்ள காந்தப்புலத்தைச் செம்புவலை எளிதில் தடுப்பதில்லை. ஆகவே கூடு கட்டியதும் வேலை முடிந்தது என்று எண்ணிவிட முடியாது.

இத்தனைக்குப் பின்னும் மூளையின் இயல்பான அலைகள் எஞ்சியிருக்கும். அவற்றுக்குள் மறைந்துள்ள நுண்ணிய விடையை எடுப்பது எங்ஙனம்? இதற்கு வழி கண்டவர் இலண்டனில் உழைத்த ஜோர்ஜ் டோசன். 1947ஆம் ஆண்டில் அவர் ஒரே தூண்டலைப் பன்முறை தந்து, கிடைத்த பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படம்பிடித்தார். பின்னர் 1951ஆம் ஆண்டில், அவற்றைக் கூட்டிச் சராசரி எடுக்கும் பொறியொன்றையும் காட்டினார்.

இதன் தத்துவத்தை விளங்கிக்கொள்ளக் களவெட்டிக்குப் போய் வந்தவர்க்கு விரிவுரை வேண்டியதில்லை. சூடு மிதித்த நெல்லைத் தூற்றும்போது நெல்மணி ஒவ்வொரு முறையும் காலடியிலேயே விழும்; பதரோ காற்றுக்கேற்ப இங்குமங்கும் சிதறும். நூறு சுளகு தூற்றிய பின் காலடியிற் குவிந்திருப்பது நெல். தூண்டலுக்கான விடையும் 'டிக்' ஒலித்த கணத்திலிருந்து குறித்த அதே நேரத்தில் ஒவ்வொரு முறையும் எழும். மற்றைய அலைகளோ ஒருமுறை மேலாகவும் ஒருமுறை கீழாகவும் தாறுமாறாக வரும். கூட்டிச் சராசரி எடுத்தால் விடை நிற்கும். மற்றவை ஒன்றையொன்று அழித்துத் தேயும்.

எவ்வளவு தேயும் என்பதற்கும் கணக்குண்டு. நூறு முறை கூட்டினால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகும். பதினாயிரம் முறை கூட்டினால் நூறில் ஒரு பங்காகும். அஃதாவது எண்ணிக்கையின் வர்க்கமூலப்படியே அது குறையும். இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். செவிச் சோதனையில் 2,000 தடவை ஒலி எழுப்பினால், 20 மைக்கிரோவோல்ற்று இரைச்சல் அரை மைக்கிரோவோல்ற்றுக்குச் சற்றுக் குறைவாக வந்துவிடும். அதன்மேல், ஆறுதலாக அசையும் பேரலைகளை வடிகட்டியால் நீக்கும்போது விடை தெளிவாகத் தெரியும். ஆனால் தொடக்கத்திலேயே இரைச்சலைப் பாதியாகக் குறைத்திருந்தால் 2,000 ஒலி வேண்டியதில்லை, 500 போதும். தூக்கத்திலிருந்து எந்நேரமும் விழித்துக்கொள்ளக்கூடிய சிசுவின் விடயத்தில் அந்த நேரம் பொன்னுக்குச் சமம்.

இங்கே ஒரு பொறி இருக்கின்றது. அனுபவமற்றவர் அதில் எளிதாக வீழ்வர். ஒலியைச் செக்கனுக்குச் சரியாகப் பத்து முறை எழுப்புவதாகக் கொள்வோர் உண்டு. வீட்டு மின்சாரம் செக்கனுக்கு ஐம்பது முறை அலைவது. ஆகவே ஒவ்வோர் ஒலிக்கும் இடையில் அது சரியாக ஐந்து முறை அலைந்து முடித்து, அடுத்த ஒலியின்போது மீண்டும் அதே நிலையில் வந்து நிற்கும். பதர் என்று கருதியது நெல்லைப்போலவே காலடியில் விழத் தொடங்கிவிடும்! எத்தனை ஆயிரம் முறை கூட்டினாலும் அந்த உறுமல் அழியாது. இதற்கு மருந்து மிக எளியது. ஒலியைச் செக்கனுக்கு 11.1 முறை என்பது போன்ற, ஐம்பதைச் சரியாகப் பிரிக்காத வேகத்தில் எழுப்பினாற் போதும். அப்போது இரு ஒலிகளுக்கு இடையே ஏறத்தாழ நான்கரை அலைவுகள் நிகழும். ஒருமுறை மேலே நின்ற உறுமல் அடுத்தமுறை கீழே நிற்கும். இரண்டும் கூடி அழியும். ஒரு காசும் செலவில்லாமல், ஓர் எண்ணை மாற்றியதால் மட்டும் கிடைக்கும் தூய்மை இது.

தூண்டும் கருவி எழுப்பும் பொய்யலைக்கும் இதுபோன்ற தந்திரங்கள் உள்ளன. ஒருமுறை காதொலிக் கருவியின் தகட்டை முன்னோக்கியும் மறுமுறை பின்னோக்கியும் தள்ளும்படி மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி அனுப்புவர். பொய்யலை திசைக்கேற்பத் தலைகீழாகும். மூளையின் விடையோ பெரிதும் மாறாது. இரண்டையும் கூட்டினால் பொய் அழிந்து மெய் நிற்கும். இன்னொரு வழி, ஒலிக்கருவியைக் காதிலிருந்து தள்ளி வைத்து, ஒலியை ஒரு சிறு குழாய் வழியாகச் செலுத்துவது. முப்பது சதமமீற்றர்க் குழாயைக் கடக்க ஒலிக்கு ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த நேரம் பிடிக்கும். மின்னாலான பொய்யலை உடனே வந்து போய்விடும். ஒலியால் எழும் விடை அதன் பின்னரே வரும். முந்தியதும் பிந்தியதும் தாமாகவே பிரிந்துவிடுகின்றன.

வலிமை மிக்க காந்தத் துடிப்பினால் மண்டைக்கு வெளியிலிருந்தே மூளையைத் தூண்டும் முறையை 1985ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பார்க்கரும் அவர் தோழரும் அறிமுகப்படுத்தினர். அத்துடிப்பின்போது பதிவுப் பெருக்கி திணறிச் செயலற்றுப்போகும். அது மீள்வதற்குள் மூளையின் முதல் விடை கடந்துவிடும். பின்லாந்தின் ஹெல்சிங்கி ஆராய்ச்சியாளர் 1990களில் இதற்கு ஒரு வழி அமைத்தனர். துடிப்பு வரும் கணத்தில் பெருக்கியின் வாயிலைச் சற்றே பூட்டி, அது கடந்ததும் திறந்துவிடும் முறை அது. புயல் வீசும்போது கதவைச் சாத்தி, அடங்கியதும் திறப்பது போன்றது எனலாம்.

'இத்தனை பாடு எதற்கு? ஐம்பது மீடிறனை மட்டும் வெட்டியெறியும் வடிகட்டி ஒன்றைப் பொருத்திவிட்டால் என்ன?' என்று கேட்போர் உளர். பொருத்தலாம், ஆனால் அதற்கும் விலையுண்டு. தூண்டற் பொய்யலை போன்ற திடீர் வெட்டு ஒன்று அவ்வடிகட்டியினுட் புகுந்தால், தட்டிய மணிபோல் அது சிறிது நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். தூண்டலுக்குப் பின் ஒழுங்காக எழுந்து தேயும் அந்த அதிர்வு, பார்ப்பதற்கு மூளையின் விடையைப் போலவே தோன்றும். இரைச்சலை நீக்க வந்தது புதிய பொய்யொன்றைப் படைத்துவிடுகின்றது.

ஆகவே, பதிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதனைச் சோதிக்காமல் நம்பலாகாது என்பது இத்துறையின் முதல் விதி. ஒரே சோதனையை இருமுறை செய்து இரு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பர். அதனிலும் சிறந்தது, ஒலிக்குழாயை அழுத்தி மூடிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் முன்போலவே நடத்துவது. காதுக்கு ஒலி போகவில்லை. ஆயினும் 'விடை' தோன்றுமாயின், அது செவியினதன்று, கருவியினதே.

1970களில் கனடாவின் மக்மாஸ்ற்றர்ப் பல்கலைக்கழகத்து வைத்தியர் ஏட்ரியன் அப்டன் இதனை உலகறியச் செய்தார். தீவிர சிகிச்சைப் பிரிவிலே, உண்ணும் ஜெலிக் கட்டியொன்றின்மேல் மின்வாய்களை ஒட்டிப் பதிவு எடுத்தார். ஜெலி உயிர்ப்பொருள் அன்று. ஆயினும் சுற்றியிருந்த கருவிகளின் இரைச்சலை ஏந்தி, மூளையலை போன்ற கோடுகளை அது எழுதிற்று! கேட்டோர் சிரித்தனர்; ஆனால் அச்சிரிப்புக்குள் அச்சமும் இருந்தது. ஏனெனில், மூளை முற்றாகச் செயலிழந்ததா என்பதை அறியும் பொருட்டுச் சில நாடுகளில் மருத்துவச் சோதனைகளுக்குத் துணையாக மூளையலையையும் பதிவதுண்டு. அப்போது 2 மைக்கிரோவோல்ற்று அளவுக்கு நுணுகிப் பார்க்கின்றார்கள். ஒலி, தொடுகை ஆகிய தூண்டல்களையும் தந்து பார்க்கின்றார்கள். அங்கே இரைச்சலை உயிர் என்று கொண்டால், வீணான நம்பிக்கையோடு ஒரு குடும்பம் படுக்கையருகே காத்துக்கிடக்கும். கழன்ற கம்பியின் வெறுங்கோட்டை மரணம் என்று கொண்டாலோ, அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. அதனாலேயே கோடு மட்டமாக இருக்கும்போது மின்வாய்கள் ஒவ்வொன்றையும் விரலால் தட்டி, கம்பி உயிரோடிருக்கின்றதா என்று பார்த்த பின்னரே மூளையைப் பற்றிப் பேச வேண்டும் என்று விதித்திருக்கின்றார்கள்.

இவையாவும் மிகத் தேவைப்படுவது வாய் பேச இயலாதவர்க்கே. வளர்ந்தவரிடம் 'கேட்கின்றதா?' என்று வினவலாம். பிறந்து சில வாரமேயான சிசுவிடம் எவ்வாறு வினவுவது? அதன் மூளைத்தண்டு எழுப்பும் ஐந்து சிற்றலைகளே அதன் விடை. சிசு பிறந்து ஒரு மாதத்துக்குள் முதற் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் செவிக்கருவியும் பயிற்சியும் என்பது இன்று வல்லுநர் வகுத்துள்ள கால எல்லை. மொழி அமைவது அந்த இளமாதங்களிலேதான். ஒரு பொய்யலையை மெய்யென்று வாசித்து 'பிள்ளைக்குக் காது கேட்கும்' என்று அனுப்பிவிட்டால், இரண்டு மூன்று வயதாகியும் பேசவில்லையே என்று பெற்றோர் கலங்கி வரும்வரை அப்பிழை வெளிப்படாது. அதற்குள் கடந்துபோன காலத்தை எந்தக் கருவியாலும் மீட்டுத் தர இயலாது.

ஆதலால், வயற்புறத்திலிருந்தோ கடற்கரையிலிருந்தோ குழந்தையை ஏந்திச் செவிச் சோதனைக்குச் செல்லும் தாய்மார் சிலவற்றை அறிந்திருத்தல் நலம். தலைக்கு எண்ணெய் பூசாமல் கொண்டுசெல்ல வேண்டும். பால் கொடுத்து, சோதனை நேரத்தில் தூங்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தூங்கும் குழந்தையின் தசைகள் அடங்கியிருக்கும், இரைச்சலும் அடங்கும். கைத்தொலைபேசியை அணைத்துவிட வேண்டும். சோதனையாளர் தோலைத் தேய்த்துத் தேய்த்துப் பசையிடுவதையும், ஒருமுறை முடிந்ததை மீண்டும் ஒருமுறை நடத்துவதையும், 'இன்று பதிவு தெளிவில்லை, இன்னொரு நாள் வாருங்கள்' என்று சொல்வதையும் கண்டு சலித்துக்கொள்ளலாகாது. அவ்வாறு சொல்பவர் வேலை தெரியாதவர் அல்லர். இரைச்சலை விடையென்று சொல்ல மனம் ஒப்பாதவர் அவர். மறுநாளும் பேருந்தேறிப் போவது சிரமந்தான். ஆயினும் தெளிவில்லாத பதிவைக் கொண்டு உறுதியாகச் சொல்லப்படும் ஒரு வார்த்தையினும், தெளிவில்லை என்று நேர்மையாகச் சொல்லப்படும் வார்த்தையே அக்குழந்தைக்கு நன்மை செய்வதாகும்.